முழுப் பொறுப்பு

சென்ற ஆண்டு மார்ச் மாதம் என் மேலாளர் ஓர் எக்செல் கோப்பை அனுப்பினார். எங்கள் குழு பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு மென்பொருள் சேவைக்கும் ஒரு வரிசை. யாருக்கு அது நன்றாகத் தெரியும், அவர் இல்லாவிட்டால் யார் பார்த்துக்கொள்ள முடியும், கைமாற்ற எத்தனை வாரம் பிடிக்கும். பணம் செலுத்தும் சேவைக்கு நேராக முதல் பெயர் அண்ணனுடையது. கோயம்புத்தூர்க்காரர், வேலை அனுமதியில் கோலாலம்பூருக்கு வந்து ஆறு வருஷம். எனக்கு அந்தச் சேவையைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். இரண்டாவது பெயராக என்னுடையதை எழுதினேன். எத்தனை வாரம் என்ற கட்டத்தில் 2 என்று போட்டேன். உண்மையில் நான்கு வாரமாவது ஆகும். கொஞ்சம் கெட்டிக்காரனாகக் காட்டிக்கொள்ள ஆசை, அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தளத்தில் ஏழு பேருக்கு மடிக்கணினி திறக்கவில்லை. அண்ணன் அந்த ஏழில் ஒருவர்.

அன்று இரவு மாமாக் கடையில் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். "கம்பெனி என்ன அன்பு இல்லமா? வேலை இல்லன்னா ஆள் எதுக்குலா?" என்றான் ஒருவன். கேட்க முரட்டுத்தனமாக இருந்தாலும் அதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. கையில் பணம் தீர்ந்துபோன ஒரு சின்ன நிறுவனம் பத்துப் பேரை அனுப்பாவிட்டால் நாற்பது பேரும் சேர்ந்து மூழ்குவார்கள். தேவையில்லாத வேலையை ஒருவனைச் செய்யவைத்து மாதம் முடிந்ததும் காசு கொடுப்பதிலும் ஓர் அவமானம் உண்டு. நான் முன்பு இருந்த இடத்தில் அதையும் பார்த்திருக்கிறேன். ஆனால், பெரிய நிறுவனங்களின் கதை இது இல்லை. அங்கே யாரும் மூழ்கவில்லை.

2019 முடிவில் மெட்டாவில் சுமார் 45,000 பேர் வேலை செய்தார்கள். 2022 செப்டம்பரில் 87,000க்கும் மேல். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தபோது ஏறிய வரைபடம் அப்படியே ஏறிக்கொண்டிருக்கும் என்று நம்பி ஆள் எடுத்தார்கள். அந்த நவம்பரில் 11,000க்கும் மேற்பட்டவர்களை அனுப்பினார்கள். கணித்தது தவறு, அதற்கு நான் பொறுப்பு என்று மார்க் ஸக்கர்பர்க் கடிதம் எழுதினார். அடுத்த பிப்ரவரியில் தன் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்க மேலும் 4,000 கோடி டாலரை ஒதுக்கியது மெட்டா. மார்ச்சில் இன்னும் 10,000 பேர் போவார்கள் என்ற அறிவிப்பு. கூகுள் 2023 ஜனவரி 20ஆம் தேதி 12,000 பேரை நீக்கியது. அதன் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2022இல் ஈட்டிய நிகர லாபம் சுமார் 6,000 கோடி டாலர். சுந்தர் பிச்சையும் கடிதம் எழுதினார். அவர் ஏற்றது 'முழு'ப் பொறுப்பு.

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெஃப்ரி ஃபெஃபர் இதைத் தொற்று என்றார். ஒரு நிறுவனம் செய்வதைப் பார்த்து இன்னொன்று செய்கிறது, கணக்குப் பார்த்து அல்ல. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கணக்கு இருக்கிறது; யாருடைய கணக்கு என்பதுதான் விஷயம். பிச்சையின் கடிதத்துக்கு இரண்டு மாதம் முன்பே, ஆட்களைக் குறையுங்கள் என்று டி.சி.ஐ. என்ற முதலீட்டு நிதியம் ஆல்ஃபபெட்டுக்கு எழுதியிருந்தது. 12,000 பேர் போனதும், இது போதாது, இன்னும் குறையுங்கள் என்று மறுபடி எழுதியது. இந்தக் கணக்கில் ஆட்குறைப்புக்கு முழு அர்த்தம் இருக்கிறது. மடிக்கணினி திறக்காத ஒருவனிடம் போய்ச் சொல்லக்கூடிய காரணமாக மட்டும் அது மாறாது. 'நீ சரியாக வேலை செய்யவில்லை' என்றால் கோபம் வரும், ஆனால் அது ஒரு பதில். 'நாங்கள் 2020இல் தப்பாக ஊகித்தோம், அதனால் உன் மகள் பள்ளியை விட்டு நிற்கவேண்டும்' என்பது பதிலா?

நிண்டெண்டோவின் சத்தோரு இவாத்தாவைப் பற்றி நண்பர்கள் எப்போதும் சொல்வார்கள். விற்பனை சரிந்தபோது ஆட்களை நீக்க மறுத்தார், பயந்துகொண்டிருப்பவனால் நல்ல விளையாட்டை உருவாக்க முடியாது என்றார், 2014இல் தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். உண்மைதான். அதே ஆண்டு நிண்டெண்டோவின் ஐரோப்பியக் கிளையில் ஆட்குறைப்பு நடந்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை. அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: பொறுப்பு என்று சொன்னபோது அவருடைய பையிலிருந்து ஏதோ போனது.

எங்கள் தொழிலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சேவை ஒன்று இரவில் விழுந்துவிட்டால், மறுநாள் உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுதுவோம். யார் தப்பு செய்தார் என்று எழுதக்கூடாது. என்ன நடந்தது, எதனால், எத்தனை மணிக்கு, மறுபடி நடக்காமலிருக்க யார் எந்தத் தேதிக்குள் எதைச் சரிசெய்வார் என்று எழுதவேண்டும். பிரேதப் பரிசோதனை என்றே அதற்குப் பெயர். இந்த வழக்கத்தை உலகத்துக்குப் பரப்பியதில் கூகுள் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பெரிய பங்கு. ஆட்குறைப்புக் கடிதத்தில் எல்லாமே தலைகீழ். ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கிறார். எதனால் என்பதற்கு இரண்டு வரி. மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்யப்போகிறார் என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு சர்வர் விழுந்ததற்கு இப்படி அறிக்கை எழுதினால் என் மேலாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆனால் பெரியவர்களின் கடிதத்தைக் குறை சொல்வது சுலபம். என் அறிக்கையை நான் எழுதவேண்டுமே.

முதலில் எனக்கு நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். மலேசியாவில் ஆட்குறைப்பு செய்வதற்குக் குறைந்தது 30 நாள் முன்பு தொழிலாளர் துறைக்குப் பி.கே. படிவம் அனுப்பவேண்டும். எக்செல் கோப்பு வந்தது மூன்று வாரம் முன்னால்தான். ஆக எத்தனை பேர் என்பதாவது அதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நான் போட்ட 2 யாரையும் அனுப்பவில்லை. சரியான தர்க்கம். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் வேறொன்று உறைத்தது. வேலைச் சட்டத்தின் 60என் பிரிவு, ஒரே நிலையில் உள்ளவர்களைக் குறைக்கும்போது வெளிநாட்டவர்களைத்தான் முதலில் அனுப்பவேண்டும் என்கிறது. அண்ணனும் நானும் ஒரே பதவி. ஆள் குறைக்க வந்தால் அவர் எனக்கு முன்னால் போகவேண்டும் என்பது எங்களுக்குள் யார் கெட்டிக்காரர் என்பதற்கு முன்பே, என் நீல அடையாள அட்டையில் முடிவாகிவிட்டது. அந்தச் சட்டம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. மலிவான கூலிக்கு ஆள் கிடைக்கிறது என்று உள்ளூர்க்காரனைத் துரத்தாமலிருக்க அது வேண்டும். ஆனால் பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் அதை வேறுவிதமாகக் கேட்டார்.

பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய அண்ணனுக்குக் கடைசிவரை சிவப்பு அடையாள அட்டைதான். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்று வந்தபோது, பல்லாயிரம் பேரோடு அவருக்கும் வேலை போனது. "பெரட்டுல எல்லார் பேரையும் கூப்ட்டாங்க. அண்ணன் பேர கூப்புடல. அண்ணன் அங்கயே நின்னுக்கிட்டு இருந்துச்சு. கெராணிதான் வந்து, பேர் வெட்டியாச்சுன்னு சொன்னாரு." பிறகு பினாங்கிலிருந்து ரஜூலா கப்பல். அப்புறம் சில கடிதங்கள், அப்புறம் ஒன்றும் இல்லை.

தோட்டத்துக் காலம் மேல் என்று சொல்ல எனக்குப் பைத்தியமில்லை. கிராணி ஒன்றும் அழுதுகொண்டு வந்து சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் ஒரு மனிதன் நடந்து வந்து, எதிரில் நின்று சொன்னான். அண்ணனுக்குச் சொன்னது கடவுச்சொல் பெட்டி. மூன்று முறை தப்பாக அடித்துவிட்டோமோ என்று பயந்து எனக்குத்தான் ஃபோன் செய்தார். "தம்பி, என் பாஸ்வேர்டு லாக் ஆயிருச்சு போல. ஐ.டி.க்குக் கொஞ்சம் சொல்றீங்களா?" எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. "பாக்கறேன்ணா" என்று சொல்லி வைத்துவிட்டேன். 2 என்று போட்டதைவிட இதுதான் இன்னும் உள்ளே கிடக்கிறது.

மே மாதம் கிளம்புவதற்கு முன் பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பிடக் கூப்பிட்டார். மகளின் பள்ளிப் பைகள், பாதி விலைக்கு விற்ற மைவி கார் என்று ஏதேதோ பேசினோம். இலையை மடித்த பிறகு நான் எக்செல் கோப்பைப் பற்றிச் சொன்னேன். இரண்டு வாரம் என்று எழுதியதைச் சொன்னேன். ஃபோனில் தெரியாததுபோல் பேசியதையும் சொன்னேன்.

அவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை.

"ஃபோன்ல நீங்க சொல்லியிருக்கணும் தம்பி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கோப்பு எனக்கும் வந்துச்சுங்க. உங்க பேருக்கு நேரா நான் என்ன போட்டேன்னு கேக்க மாட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பில்லை யார் கட்டுவது என்று கொஞ்ச நேரம் இழுபறி நடந்தது, அவர்தான் கட்டினார்.

பணம் செலுத்தும் சேவை இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அதை முழுதாகப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து வாரம் பிடித்தது.