கேட்பவன் கடன்

முதுகலைப் பட்டம் பெற்ற ஓர் இளைஞன் சமூக ஆய்வைத் தன் தொழிலாக ஏற்கும்போது, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறியதாகவே உலகம் கருதுகின்றது. உண்மையில் அவன் வந்து சேர்ந்திருப்பது முற்றிலும் வேறானதோர் இடமாகும். பல்கலைக்கழகத்தில் அவன் பெரும்பாலும் நூல்களையே ஆராய்ந்தான். நூலைப் பிழையாகப் படித்தால் குறைவது அவனுடைய மதிப்பெண். மனிதனைப் பிழையாகப் படித்தாலோ, அதன் விளைவைச் சுமப்பவன் அந்த மனிதன். ஆகவே, பிறர் வாழ்வைத் துருவி அறியும் உரிமையைப் பட்டம் வழங்குமா என்னும் வினா எழுகின்றது.

இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் கூறப்படுவதுண்டு. அறிவு தன்னளவிலேயே நன்று என்பது ஒன்று. ஆய்வின் பயன் ஒருநாள் மக்களைச் சென்றடையும் என்பது மற்றொன்று. முதல் விடையில் நீதி குறைவு. தன் வறுமையை வாய்விட்டுச் சொல்பவர் ஒருவர். அதனால் பெயரும் பதவியும் பெறுபவர் வேறொருவர். இரண்டாம் விடையோ கையில் இல்லாத பொருளை வாக்களிப்பதாகும். சட்டம் இயற்றுவதும் நிதி ஒதுக்குவதும் ஆய்வாளனின் அதிகாரத்தில் இல்லை.

மூன்றாவது விடையொன்றைச் செயலில் காட்டியவர்கள் உளர். ஆஸ்திரிய நாட்டில், வியன்னா நகருக்கு அருகே மாரியந்தால் என்னும் சிற்றூர் உள்ளது. 478 குடும்பங்கள் வாழ்ந்த அவ்வூரின் ஆலை மூடப்பட்டதும் பெரும்பாலோர் வேலையிழந்தனர். 1931ஆம் ஆண்டின் இறுதியில் மாரி யஹோடா, பால் லாசர்ஸ்பெல்டு, ஹான்ஸ் சைசல் ஆகியோரைக் கொண்ட குழு அங்கே ஆய்வைத் தொடங்கியது. யஹோடாவுக்கு அப்போது வயது 24. வெறும் பார்வையாளராக எவரும் ஊருக்குள் செல்லலாகாது. ஊருக்குப் பயன்படும் ஒரு பணியைச் செய்துகொண்டே ஆராய வேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. அவ்வாறே வியன்னாவில் ஆடைகள் திரட்டி வந்து கொடுத்தனர். மருத்துவ ஆலோசனைக்கும் தையல் வகுப்புக்கும் ஏற்பாடு செய்தனர்.

உதவி பெற்றவன் நன்றிக்காக உண்மையைத் திரித்துக் கூறமாட்டானா என ஐயுறலாம். அவ்வையம் நியாயமானதே. ஆனால், அக்குழுவினர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பவில்லை. கட்டணம் நீக்கப்பட்ட பின்னும் ஊர் நூலகத்தில் புத்தக இரவல், 1929க்கும் 1931க்கும் இடையே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் கணக்கிட்டனர். தெருவில் நடப்போரின் வேகத்தையும் அளந்தனர். வேலையின்மை மக்களைக் கிளர்ந்தெழச் செய்யவில்லை, சோர்ந்து ஒடுங்கவே செய்தது என்பது சமதர்மக் கொள்கையினரான அவர்களுக்கு உவப்பற்ற முடிவு. எனினும், 1933இல் வெளிவந்த நூலில் அதை மறைக்காது எழுதினர். அன்பு வேறு, சலுகை வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் நாட்டிலும் இவ்வினா உயிருள்ளது. தோட்டங்கள் பல அழிந்தன. லயத்து வீடுகளில் வாழ்ந்தோர் பலர் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே கேள்வித்தாளுடன் செல்லும் தமிழ் இளைஞனை, “வா தம்பி, உட்கார்” என வரவேற்கும் மூதாட்டி, குடும்ப வருமானத்தையும் கணவனின் குடிப்பழக்கத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறாள். அவள் நம்பியது அவனுடைய பட்டத்தை அன்று. ‘தம்பி’ என்னும் உறவை. அவ்வுறவின் பெயரால் பெற்றதை அயலான்போல் அச்சேற்றுவது நம்பிக்கைத் துரோகமாகும்.

எனவே, ஆய்வாளன்மீது மூன்று கடன்கள் நிற்கின்றன. சொன்னவரின் அடையாளத்தைக் காப்பது முதற்கடன். தன் விருப்பத்துக்கு மாறாயினும் கண்டதைக் கண்டவாறே எழுதுவது இரண்டாவது. மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிய முடிவை, அம்மக்களிடமே திரும்பிச் சென்று அவர்கள் அறிந்த தமிழில் எடுத்துரைப்பது மூன்றாவது. கடைசிக் கடனே பெரிதும் மறக்கப்படுகிறது. தம்மைப் பற்றி எழுதப்பட்டதைக் கேட்டு, “இது சரியன்று” என மறுக்கும் வாய்ப்பு அவர்களுக்கு வேண்டும்.

விடை சொல்வதற்கே மாணவரைப் பழக்கும் வகுப்பறை, வினவுவதன் பொறுப்பையும் கற்பித்தல் வேண்டும். பட்டம் ஒருவனுக்கு வினாக்களைத் தருகிறது. அவற்றைக் கேட்கும் தகுதியை, விடை தருவோரிடமிருந்தே அவன் பெற்றாக வேண்டும்.