பணிவுக்கு எல்லை உண்டா?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அடியார்க்கு அடியாராயிருக்கையே ஸ்ரீவைஷ்ணவனுக்குப் பெருமை என்று நம் பூர்வாசார்யர்கள் உபதேசித்தருளினார்கள். அதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அவ்வப்போது ஒரு சங்கடம் நேருகிறது. செல்வத்தாலோ பதவியாலோ குடிப்பெருமையாலோ உயர்ந்திருக்கும் ஒருவர் நம்மை அதட்டி வேலை வாங்குகிறார். நம் நேரத்தையும் பொருளையும் தம்முடையவை போல எடுத்துக்கொள்கிறார். அவரிடம் ‘இயலாது’ என்று சொல்வது அஹங்காரமா? வாய்மூடி இசைவது பணிவா? இதனையே இங்குச் சிந்திக்கப் புகுகிறோம்.

இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. நாஞ்சில் நாட்டில் நாம் வங்கிப் பணியில் இருந்த காலத்தில், பிறர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டு அல்லலுற்றவர் பலரைக் கண்டோம். “பெரியவர் கேட்டார், எப்படி மாட்டேன் என்பது?” என்பதே அவர்களில் பலர் சொன்ன காரணம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கடனாளிக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. சிறு குடியானவர் ஒருவர், ஊர்ப் பெரிய மனிதர் ஒருவருக்காக இட்ட கையெழுத்தின் பொருட்டு, மகளின் திருமணத்துக்கென்று சேர்த்த வைப்புத்தொகையை முறித்துக் கட்டினார். அந்தப் பெரிய மனிதரோ அதன் பின்பும் அவரைத் திண்ணையோரம் நிறுத்தியே பேசினார். குடியானவரின் கையெழுத்தைப் பெற்றது அச்சமே. பணிவு என்று அதற்குப் பெயர் சூட்டிக்கொண்டார். அச்சத்தின் விலையைக் கொடுத்தவளோ, அதில் யாதொரு சம்பந்தமும் இல்லாத பெண்பிள்ளை.

இனி ஸித்தாந்தத்தை நோக்குவோம். ஆத்மாவுக்கு ஸ்வரூபம் எம்பெருமானுக்கு சேஷமாயிருத்தல். திருமந்த்ரத்தின் தொடக்கமாகிய ப்ரணவத்தில் நடுவிலுள்ள உகாரம், இவ்வாத்மா அவனுக்கே உரியது, மற்றொருவர்க்கும் உரியதன்று என்ற விலக்கைக் காட்டுவதாகப் பூர்வர்கள் வ்யாக்யானம் செய்வர். அடுத்துள்ள நம: பதமோ, இவன் தனக்கும் உரியனல்லன் என்று உணர்த்தும். ஆகவே ‘நான் என் இஷ்டப்படி நடப்பேன்’ என்னும் செருக்குக்கும் இங்கு இடமில்லை. ‘ஐயா இட்டது சட்டம்’ என்று கண்ட பெரிய மனிதருக்கெல்லாம் தன்னை எழுதிக்கொடுப்பதற்கும் இடமில்லை. பாகவதர்களுக்கு அடிமையாவதும் அவர்கள் எம்பெருமானுடையவர்கள் என்பதாலேயாம். அவர்களுடைய செல்வத்தையும் பதவியையும் நோக்கி எழுந்ததன்று அவ்வடிமை.

வங்கி மொழியில் சொன்னால் இன்னும் தெளிவாகும். காசாளர் தம் கைப்பணத்தை யாருக்கும் தானம் செய்யலாம். பெட்டியிலுள்ள பணத்தை, மாவட்டத்தையே ஆளுபவர் வந்து கேட்டாலும், முறையின்றி ஒரு ரூபாய் எடுத்துக் கொடுக்கலாகாது. அவ்வாறு மறுக்கும் காசாளரை எவரும் கர்வி என்று சொல்லார். பிறர் பொருளுக்குக் காவலாயிருப்பவர் என்றே சொல்வர். நம் ஆத்மாவும், அதைச் சார்ந்த மனமும் மானமும், நம்மை நம்பியிருக்கும் குடும்பத்தின் வாழ்வும் அப்படிப்பட்ட காப்புப் பொருளே.

இதனை ஆழ்வார்கள் வாழ்ந்தே காட்டினார்கள். நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள திருவண்பரிசாரம், இன்று திருப்பதிசாரம் என்று வழங்குவது, நம்மாழ்வாரின் திருத்தாயார் உடையநங்கையார் பிறந்த ஊர். அந்நங்கையாரின் திருமகனார் திருவாய்மொழி மூன்றாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில், மானிடரைப் பாடிப் பரிசில் பெறும் புலவர்களை நோக்கி ஹிதம் அருளிச்செய்கிறார். தாம் சொல்வது அவர்களுக்குக் கசக்கும் என்று அறிந்தும், அவர்கள் மீதுள்ள க்ருபையால் சொல்லாமல் விடுகிறாரில்லை. தம் கவி எம்பெருமானுக்கே உரியது என்று வரையறுத்த பின், பொருளுடையவன் வாசலில் அதை விற்பதற்கு அவரிடம் வேறொரு நா இல்லை.

திருமழிசைப்பிரான் சரித்ரமும் இதையே பேசும். பல்லவ மன்னன், தன்னைப் பாடும்படி ஆழ்வாரை அழைத்துவர அவருடைய சிஷ்யர் கணிகண்ணனுக்கு ஆணையிட்டான். அவர் இசையவில்லை. நாட்டைவிட்டு வெளியேறு என்றான் மன்னன். ஆழ்வார் அரண்மனைக்குச் சென்று வாதிடவில்லை, சாபமிடவுமில்லை. சிஷ்யரோடு தாமும் புறப்பட்டார். திருவெஃகாவில் பள்ளிகொண்ட எம்பெருமானும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றான். மன்னன் பிழையுணர்ந்து வேண்டிய பின்பே அனைவரும் மீண்டனர். இன்றும் அவனுக்கு யதோக்தகாரி, சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று திருநாமம். வலியவரோடு ஓசையின்றி விலகி நிற்பதும் ஒரு மறுமொழியே என்பதை இச்சரித்ரத்தால் அறிகிறோம்.

நாஞ்சில் நாட்டு உழவர்களும் ஒருகால் இவ்வழியை நாடினர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் அரசின் வரிச்சுமையும் அதிகாரிகளின் கெடுபிடியும் மிகுந்தபோது, நாட்டார் கூட்டம் கூட்டி, வழக்கமான வரிக்கு மேல் கொடுப்பதில்லை என்றும், வலிந்து வாங்கினால் ஊரைவிட்டு மலையேறுவது என்றும் தீர்மானித்தனர். கொடுக்க வேண்டியதைக் கொடுப்போம், அதற்கு மேல் இல்லை என்பதே அவர்கள் வகுத்த எல்லை. அதை ஒருவராய் நின்று சொல்லாமல் கூடிநின்று சொன்னார்கள். தனித்து மறுக்க நடுங்குபவர்க்கு இதில் ஓர் உபாயம் உண்டு.

ஆனால் எல்லை காப்பது எப்போதும் எளிதாய் முடிவதில்லை. சோழ மன்னனின் அவையில், எம்பெருமானாருக்குப் பதிலாகத் தாமே சென்று நின்ற கூரத்தாழ்வான், மனமொவ்வாத ஒன்றில் கையொப்பமிட மறுத்துத் தம் திருக்கண்களை இழந்தார். பின்னாளில் பேரருளாளன் ஸந்நிதியில் வரம் பெறும் வாய்ப்பு நேர்ந்தபோது, அத்துன்பத்துக்குக் காரணமான நாலூரானுக்கும் தாம் பெறும் பேறே வேண்டும் என்று ப்ரார்த்தித்தார். கையொப்பத்தை மறுத்தவர் அன்பை மறுக்கவில்லை. ஒருவர்க்கு இசையாதிருப்பதும் அவர் நன்மையை வேண்டுவதும் ஓர் உள்ளத்திலேயே கூடும் என்பதற்கு ஆழ்வானே ப்ரமாணம்.

அப்படியாயின், நம் மறுப்பு காவலா, செருக்கா என்று எப்படி அறிவது? இரண்டு சோதனைகள் போதும் என்று தோன்றுகிறது. மறுத்த பின் அவரைப் பற்றி நாலு பேரிடம் இழித்துப் பேசத் தோன்றினால், அங்கே காவலோடு கோபமும் கலந்திருக்கிறது. இரண்டாவது இன்னும் கடினமானது. நமக்கு மேலுள்ளவர் நம்மிடம் செய்வதை, நமக்குக் கீழ் வேலை செய்பவரிடம் நாம் செய்கிறோமா? வீட்டு வேலை செய்பவரையும், கார் ஓட்டுபவரையும், கோயிலில் கைங்கர்யம் செய்யும் எளியவரையும் நேரங்காலமின்றி ஏவிக்கொண்டே, பெரிய மனிதர் நம் எல்லையை மீறினார் என்று நோவதில் பொருளில்லை. எளியவரின் ‘இயலாது’ என்னும் சொல்லை நாம் முகஞ்சுளியாமல் ஏற்றாலன்றோ நம்முடைய அச்சொல்லுக்கு நேர்மை உண்டாகும்.

ஆகவே, பெரியவர் எதிரில் வரும்போது எழுந்து நிற்போம், கைகூப்புவோம், இயன்ற உதவியை மனமுவந்து செய்வோம். நம்முடையதல்லாததைக் கேட்டால், குரலை உயர்த்தாமல், நீண்ட காரணங்கள் அடுக்காமல், ‘க்ஷமிக்க வேணும், இது அடியேனால் ஆகாது’ என்று ஒருமுறை சொல்லி அமைவோம். அதனால் வரும் மனஸ்தாபம் வரட்டும். நம்மை உடையவன் அதை அறிவான்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.