அடிக்குறிப்பும் அமானிதமும்

செஞ்சிக்கு அண்மையிலுள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் மடம் அமைந்த ஊர். இத்தகைய இடங்களில் தலைமுறை தலைமுறையாய் ஏடுகளைக் காத்தவர் பலர், பெயரறியப்பட்டவர் சிலரே. அங்கே கண்ட ஓர் ஏட்டைக் கொண்டு ஒருவர் மாநாட்டுக் கட்டுரை வரைகிறார் எனக் கொள்வோம்.

பக்க அளவு, ஓர இடைவெளி, எழுத்தளவு, ஆய்வுச் சுருக்கம் என மாநாட்டார் விதிக்கும் ஒழுங்குகள் படிப்போருக்குச் செய்யும் மரியாதை. அவற்றிற் பிழை நேரின் திருத்திக் கொள்ளலாம். ஆனால், பக்கம் மிகுந்துவிட்டால் முதலில் வெட்டப்படுவது அடிக்குறிப்பே. ஏடு யாருடையது, அதைப் படித்துப் பொருள் சொன்னவர் யார் என்பதை மறைப்பது அமானித மோசடியன்றோ?

ஹதீஸ் கலை வல்லார் செய்தியை மட்டும் நோக்கி அமையவில்லை, ‘யாரிடம் கேட்டீர்?’ என அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் ஆராய்ந்தனர். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், சமணக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணரிடம் கேட்டறிந்ததைத் தம் வரலாற்றில் விரிவாகவே எழுதினார். அதனால் அவர் புகழ் குறைந்ததா? இல்லை, வளர்ந்தது.

இடம் போதாவிடில் நம் வாதமொன்றைக் குறைப்போம். நாம் கடன்பட்டவர் பெயரைக் குறைக்க வேண்டாம்.