காயத்தைக் காணும் கண்கள்

விளையாட்டை விரும்பும் நாம் இருவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஒருவர், களத்தில் தம் உடலை வருத்தி ஆடுபவர். மற்றவர், அந்த ஆட்டத்தை நமக்குக் குரலால் காட்டித் தருபவர். தொலைக்காட்சி இல்லாத வீடுகளில், சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரின் தமிழ் வர்ணனையை வானொலியில் கேட்டே நாம் கிரிக்கெட்டைக் 'கண்டோம்'. அவர் 2020 டிசம்பரில் மறைந்தார். காதும் ஒருவகைக் கண்ணே என்பதை அத்தலைமுறை நன்கு அறியும்.

2019 மே 12 அன்று ஹைதராபாத்தில் நடந்த ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில், சென்னை அணியின் ஷேன் வாட்சன் முழங்காலில் காயத்துடன் ஆடி 59 பந்துகளில் 80 ஓட்டங்கள் எடுத்தார். காற்சட்டையில் குருதி படர்ந்திருந்தது. சென்னை ஒரே ஓட்டத்தில் தோற்றது. ஆட்டத்திற்குப் பின் அவருக்கு ஆறு தையல்கள் போடப்பட்டதை ஹர்பஜன் சிங் வெளியிட்டபோது, தமிழகமே நெகிழ்ந்தது. அதை நாம் 'தியாகம்' என்று போற்றினோம்.

அது தியாகந்தானா? விளையாட்டு மனத்தின் களைப்பை ஆற்றும் நன்மை என்று புனித தோமா அக்குவினார் கற்பித்தார். ஆகவே அதில் மகிழ்வது குற்றமன்று. வலியைத் தாங்கி ஆடத் துணிந்த வாட்சனின் உறுதியும் மதிக்கத்தக்கதே. ஆனால் தியாகம் என்பது கொடுப்பவரின் உள்ளத்தில் பிறப்பது. நாற்காலியில் அமர்ந்திருக்கும் நாம் அதைப் பிறரிடம் எதிர்பார்க்கத் தொடங்கினால், அது வரி வசூலாகிவிடும். நம் சேலம் மண்ணின் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு 2021 ஏப்ரலில் முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்போது நம்மில் எத்தனை பேர் 'அந்தப் பிள்ளைக்கு வலி தணிந்ததா?' என்று கேட்டோம்? எத்தனை பேர் 'மறுபடி எப்போது பந்து வீசுவார்?' என்று மட்டும் கேட்டோம்?

இந்த ஆபத்தைப் புனித அகுஸ்தினார் தம் நண்பர் அலிப்பியுஸின் கதையில் காட்டுகிறார். உரோமையில் வாட்போர்க் களத்திற்கு நண்பர்களால் இழுத்துச் செல்லப்பட்ட அலிப்பியுஸ், கண்களை இறுக மூடிக்கொண்டார். ஒருவன் வீழ்ந்தபோது எழுந்த பேரிரைச்சல் கேட்டுக் கண் திறந்தார். குருதியைக் கண்டார், அதில் களிப்புற்றார். அவர் கண்களைப் பூட்டினார், காதுகளைப் பூட்டவில்லை. கூட்டத்தின் குரலே அவரது உள்ளத்துக் கதவைத் திறந்தது.

கெட்ட குரல் இதைச் செய்யுமெனில், நல்ல குரல் இதற்கு நேர்மாறானதைச் செய்யலாகாதா? ஆஸ்திரேலியாவின் ரிச்சி பெனோ, தேவையற்ற இடத்தில் பேசாமலிருப்பதையே தம் கலையாகக் கொண்டவர். 2005 செப்டம்பர் 12 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில், இங்கிலாந்துத் தொலைக்காட்சிக்கான தம் கடைசி வர்ணனையை முடித்து நன்றி கூறிக்கொண்டிருந்தார். அந்நேரம் மெக்ராத்தின் பந்தில் பீட்டர்சன் 158 ஓட்டங்களுடன் ஆட்டமிழந்தார். பெனோ தம் பிரியாவிடையை நடுவே நிறுத்தி, அந்த விக்கெட்டைச் சொல்லி, ஆடியவரைப் பாராட்டிய பின்னரே விடைபெற்றார். தமக்குரிய நேரத்தையும் களத்தில் நின்றவருக்கே தந்தார். 'நான் அல்ல, அவர்' என்னும் இந்தப் பார்வையே அன்பின் முதற்படி.

இது விளையாட்டோடு முடியும் செய்தியன்று. புதுச்சத்திரத்தைத் தொட்டுச் செல்லும் சேலம்-நாமக்கல் நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நேர்ந்தால், கூட்டம் உடனே கூடுகிறது. கைப்பேசியில் படம் எடுக்கும் கைகளும் உண்டு, காயமுற்றவரைத் தூக்கும் கைகளும் உண்டு. எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனை மூவருமே கண்டார்கள். கண்டு விலகியவர் இருவர். கண்டு அருகே வந்தவர் சமாரியர் ஒருவரே. கண்கள் மூவருக்கும் ஒன்றுதான், பார்வையே வேறு.

பார்வை பழக்கத்தால் உருவாகிறது. மைதானத்துக் காயத்தை வெறும் சுவையாக அருந்திப் பழகிய கண், நெடுஞ்சாலையில் திடீரென இரக்கம் கொள்ளுமா? ஆகவே, அடுத்த முறை ஒரு வீரர் வலியால் சாயும்போது, எதிரணியினராயினும், ஆரவாரத்தைச் சற்றே அடக்கி அவருக்காக ஒரு நொடி மன்றாடுவோம். அருகில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு அப்போது வர்ணனையாளர் நாமே. ஓர் உறுப்புத் துன்புற்றால் உடல் முழுவதும் துன்புறும் என்ற பவுலடியாரின் போதனையை, அவர்கள் நம் குரலில் கேட்கட்டும்.