மூட்டைக்கு ஒரு மகமை

செய்த வினை செய்தவனைச் சேரும் என்பதில் நம் நாட்டுச் சமயங்களுக்குள் பெரிய சண்டை கிடையாது. ஆன்மா உண்டா இல்லையா என்பதிலேயே மோதிக்கொண்ட சமணரும் பௌத்தரும் சைவரும்கூட, ஒருவன் செய்ததை இன்னொருவன் கணக்கில் எழுத முடியாது என்பதில் ஏறக்குறைய ஒத்துப்போனார்கள். தனிமனிதனுக்கு இந்தத் தெளிவு போதும். ஒரு தொழிலதிபர்கள் சங்கத்துக்குப் போதுமா? சங்கத்துக்குப் பதிவு எண் உண்டு, முத்திரை உண்டு, தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு. மறுபிறவி எடுக்க ஓர் உயிர் கிடையாது. உறுப்பினர் ஒருவரின் பட்டறையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேலை பார்த்தால், “நாங்களா வேலைக்கு வைத்தோம்?” என்று சங்கம் கேட்கும். உறுப்பினரோ, “பக்கத்துப் பட்டறைக்காரர் வைத்திருக்கிறார், நான் மட்டும் பெரியவர்களுக்குக் கூலி கொடுத்துவிட்டு அவர் விலைக்கு எப்படிச் சரக்குப் போடுவது?” என்பார். இரண்டு பதிலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை விழுந்துவிடுகிறது. சங்கத்துக்கும் வினை உண்டு, அது உறுப்பினர்களின் வினைகளைக் கூட்டிப் போட்டால் வரும் தொகையும் அல்ல, தனியே ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

சமண அறம் தீங்கை மூன்றாகப் பிரிக்கிறது: தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதற்கு உடன்படுவது. மூன்றும் வினைதான். வள்ளுவரும் புலால் மறுத்தலில், தின்பவன் ‘நான் கொல்லவில்லையே’ என்று நழுவ இடம் தரவில்லை. வாங்குபவனையும் விற்பவனையும் ஒரே கயிற்றில் கட்டுகிறார். ஒரு சங்கத்தின் அன்றாட வேலையே இந்த மூன்றாவது வகைதான், அதாவது உடன்படுதல். கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதும், வரியைக் குறைக்கச் சொல்லி டெல்லிக்குப் போவதும், எந்த விலைக்குக் கீழே ஆர்டர் எடுக்கக் கூடாது என்று பேசி முடிப்பதும் சங்கமே. பெரியவர் ஒருவரின் கூலி அடங்காத விலைக்கு ஊரே சரக்குப் போடச் சம்மதித்தால், அந்தச் சம்மதத்துக்குள் ஒரு சிறுவனும் அடங்கியிருக்கிறான். விலை சந்தை தீர்மானிப்பது, எங்கள் கையில் இல்லை என்று பதில் வரும். ஆனால் நூல் விலை ஏறும்போது ஒரே நாளில் ஊர் முழுக்க உற்பத்தியை நிறுத்த முடிகிறதே, அந்தக் கை யாருடையது?

சேர்ந்து சுமப்பது நமக்குப் புதிதும் இல்லை. தென்மாவட்டச் சந்தைகளில் மகமை என்று ஒன்று உண்டு. விற்பனைக்கு வரும் மூட்டைக்கு, பொதிக்கு இவ்வளவு என்று உறவின்முறையார், அதாவது ஊர்ச் சாதிச் சபையார், எடுத்துவைத்த பொதுப்பணம் அது. கோயில் திருவிழாவும் கிணறும் சாவடியும் அதிலிருந்து நடந்தன, பள்ளிக்கூடங்களும் எழுந்தன. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலை அப்படி வளர்ந்த பள்ளிதான். வீட்டுக்கு வீடு பானையில் ஒதுக்கிய பிடி அரிசியும் அதற்குப் போனது. அந்தப் பள்ளியால் வந்த புண்ணியம் யாருக்கு? மிளகாய் மூட்டை விற்றவருக்கா, பருத்திப் பொதி விற்றவருக்கா, பானையில் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துவைத்த பெண்ணுக்கா? பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டும் என்று யாரும் கேட்டதும் இல்லை. புண்ணியத்தைக் கூட்டாகச் சம்பாதிக்கலாம், பாவத்தை மட்டும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுங்கள் என்பது எந்தப் பேரேட்டிலும் நிற்காத கணக்கு.

உடன்படுதல் எவ்வளவு ஆழமாகப் போகும் என்பதற்குச் சிவகாசி வழக்கே சாட்சி. தீப்பெட்டித் தொழில் அங்கே 1920-களில் வேர்விட்டது. மழை பொய்த்த கரிசல் கிராமங்களிலிருந்து விடியுமுன் பிள்ளைகள் வேனில் ஏறி வந்தார்கள். மரச் சட்டத்தில் ஒவ்வொரு குச்சியாக அடுக்குவார்கள், பெட்டி ஒட்டுவார்கள்; அடுக்கிய சட்டத்துக்கு இவ்வளவு, ஒட்டிய பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் 14 வயதுக்குட்பட்டோரைத் தடை செய்தது. அதன் பிறகும், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1990-இல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், உற்பத்தி நடக்கும் இடத்துக்கு அப்பால் தரம் பிரிக்கவும் பெட்டியில் அடைக்கவும் குழந்தைகளின் மென்மையான கைகள் ஏற்றவை என்று கருதியது. பெரியவர்களின் குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதமாவது அவர்களுக்குத் தர வேண்டும் என்றது. குழந்தைகளைக் காக்க நடந்த வழக்கில், குழந்தைகளின் பக்கம் நின்ற நீதிபதிகள் எழுதியது இது. ‘பிஞ்சுக் கைக்கு ஏற்ற வேலை’ என்பது தொழில் நடக்கும் இடங்களிலெல்லாம் கேட்கும் பேச்சு. அந்தப் பேச்சு நல்லெண்ணம் உள்ளவர்களின் கண்ணையும் மறைத்துவிடும். 1996 டிசம்பரில் அதே வழக்கில் நீதிமன்றம் வேறு குரலில் பேசியது. ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அரசு அந்தக் குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்த நிதியின் வட்டியில் பிள்ளை படிக்க வேண்டும். வெளியே நின்றவர்கள் விடாமல் கேட்டதால் வந்த மாற்றம் அது. தொழிலுக்கு உள்ளே இருந்தவர்கள் அதற்கு முன்பே கேட்டிருக்கலாம்.

பிள்ளையை வேலையை விட்டு நிறுத்தினால் அது பட்டினி கிடக்காதா என்பதுதான் எதிர்வாதங்களில் கனமானது. இதைச் சொல்பவர்கள் எல்லாரும் சாக்குச் சொல்பவர்கள் அல்லர். வங்கதேசத்தில் அது கண்முன்னே நடந்தது. குழந்தைகள் தொட்ட சரக்கை இறக்குமதி செய்யக் கூடாது என்று அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் 1992-இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. ஆனால் ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் டாக்கா ஆயத்த ஆடை ஆலைகள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வெளியே அனுப்பின. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகவில்லை. கல் உடைக்கப் போனார்கள், தெருவில் விற்கப் போனார்கள், சிலர் பாலியல் தொழிலில் தள்ளப்பட்டார்கள் என்று யுனிசெஃப் 1997-ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதியது. சட்டையின் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த சிறுமிக்கு, அவளை வெளியே தள்ளியவர்களின் தூய்மையால் ஒரு நன்மையும் இல்லை. சமயத்தில் தீட்டுக்கும் அறத்துக்கும் நடுவே நாம் அடிக்கடி குழம்புவது போன்ற குழப்பம்தான் இதுவும். தீட்டு என்பது என்னைப் பற்றிய கவலை: என் கை சுத்தமா, என் வாசல் சுத்தமா? அறம் எதிரில் நிற்பவரைப் பார்த்துத் தொடங்குகிறது. ‘எங்கள் தொழிலில் குழந்தைகள் இல்லை’ என்று பலகை மாட்டிவிட்டு, இருந்த குழந்தைகள் எங்கே போனார்கள் என்று கேட்காத சங்கம் தீட்டுக் கழித்திருக்கிறது, அவ்வளவுதான்.

டாக்காவில் அதன் பிறகு நடந்ததால்தான் இதை இவ்வளவு உறுதியாக எழுத முடிகிறது. 1995 ஜூலை 4 அன்று வங்கதேச ஆயத்த ஆடை உற்பத்தியாளர், ஏற்றுமதியாளர் சங்கம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புடனும் யுனிசெஃபுடனும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. பள்ளி தயாராகும் வரை இனி எந்தப் பிள்ளையையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது, புதிதாக யாரையும் சேர்க்கவும் கூடாது என்பது நிபந்தனை. கணக்கெடுத்ததில் 10,000-க்குச் சற்று மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். 300-க்கும் மேற்பட்ட சிறு பள்ளிகள் திறக்கப்பட்டன. பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு வங்கதேச நாணயத்தில் மாதம் 300 டாக்கா உதவித்தொகை. சங்கமும் அதற்குப் பணம் போட்டது. இழந்த கூலிக்கு அந்தத் தொகை ஈடாகவில்லை, எல்லாப் பிள்ளைகளும் வரவும் இல்லை. ஆனாலும் பட்டினியா வேலையா என்ற இரண்டுக்கு வெளியே மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பது நிரூபணமானது. அந்த வழியைத் தனி முதலாளி ஒருவரால் திறந்திருக்க முடியாது. பிள்ளைகளைப் படிக்க அனுப்பிச் செலவும் செய்கிறவர், செய்யாதவரிடம் விலையில் தோற்றுப்போவார். எல்லாரும் ஒன்றாகச் செய்தால் யாரும் தோற்பதில்லை. மகமையில் இருந்த சூட்சுமமும் இதுதான்.

தன் உறுப்பினர்களுக்காகவே பிறந்த சங்கம் அவர்களையே கண்காணிக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. டாக்காவில் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்க்க வெளியாட்களுக்கு வழி இருந்ததால்தான் அந்த உடன்படிக்கைக்கு மதிப்பு. பாகிஸ்தானின் சியால்கோட்டில் 1997 பிப்ரவரியில் கால்பந்து தைக்கும் தொழிலுக்காக அந்த ஊர் வர்த்தக சபை ஏற்ற ஒப்பந்தமும் அப்படித்தான்: வீடுகளில் நடந்த தையலைக் கண்காணிக்க முடிகிற மையங்களுக்கு மாற்றினார்கள், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஆய்வு செய்தது. அதற்கும் ஒரு விலை இருந்தது. வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போக முடியாத தாய்மார் பலர் பந்து தைக்கும் வருமானத்தை இழந்தார்கள். பெண்களுக்கென்று அவர்கள் ஊரிலேயே மையம் வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. பிள்ளையைக் காக்கப் போடும் திட்டத்தில் முதல் நாளே தாயை உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டும்.

14 வயது தாண்டியவர்களைப் பற்றி இந்தப் பேச்சு பெரும்பாலும் மௌனமாகிவிடுகிறது. 2016-இல் திருத்திய சட்டப்படி 14 முதல் 18 வரை உள்ளவர்கள் வளரிளம் பருவத்தினர். ஆபத்தான வேலை கூடாது, மற்றது செய்யலாம். தமிழ்நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் சேர்க்கப்பட்டவர்களில் இந்த வயதுப் பெண்கள் நிறைய. மூன்று ஆண்டு முடித்தால் கல்யாணத்துக்கு ஆகும்படி மொத்தமாக ஒரு தொகை. நடுவில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினால் அது கைக்கு வராமலே போனதுண்டு. தாலியோடு சேர்ந்த ஒரு மங்கலச் சொல்லை இதற்கு எடுத்துக்கொண்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இந்தப் பெண்களை வேலையை விட்டு அனுப்புவது பாதுகாப்பு ஆகாது. அவர்களுக்குச் சம்பளம் வேண்டும், படிப்பு வேண்டும், வெளியே போய்வர உரிமை வேண்டும். ஆலை வளாகத்துக்குள் இருக்கும் விடுதியில் காப்பாளருக்கும் அதே ஆலைதான் சம்பளம் தருகிறது. இரவு ஷிஃப்டில் மேற்பார்வையாளர் தவறாக நடந்தால் பதினாறு வயதுப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? ஆலைகளின் சங்கம் நினைத்தால், விற்கும் நூலில் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு மகமை எடுத்துவைத்து, காப்பாளர்களின் சம்பளத்தை அந்த நிதியிலிருந்து தரலாம். புகாரைக் கேட்க ஆலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெண் அதிகாரியை அமர்த்தலாம். விடுதிக் கதவின் சாவியும் அப்போது ஆலையின் கையில் இருக்காது.