இழப்பும் ஈடும்

தீங்கு எனப்படுவது யாது? துன்புறுபவர் அத்துன்பத்தை உணர்ந்தால்தான் அது தீங்காகும் என்பர் சிலர். உணர்வுண்டா என்று நம்மால் அறிய இயலாத உயிர்களிடத்து இவ்வாதம் எங்கே போய் நிற்கும்?

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ எண்ணெய்த் துளைமேடை வெடித்து 11 பேர் மாண்டனர். ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்திலிருந்து 87 நாட்கள் எண்ணெய் பெருகிற்று. எண்ணெய் தோய்ந்த பறவைகளைக் கண்டு உலகம் இரங்கியது. நவம்பரில், கிணற்றிலிருந்து 11 கிலோமீட்டர் தொலைவில், கதிரொளி எட்டாத கடலடியில், பழுப்புப் படலம் போர்த்திய பவள உயிர்களை ஆய்வாளர்கள் கண்டனர். பல நூற்றாண்டுகள் வாழும் இனம் அது. படலம் பின்னர் அகன்றது. ஆயினும் ஆண்டுகள் பல கழிந்த பின்னும் காயமுற்ற கிளைகள் முறிந்து வீழ்ந்தன. வலித்ததோ இல்லையோ, அழிந்தது அழிந்ததே. அதைத் தீங்கென்றே கொள்கிறேன்.

இயற்கை வளங்களுக்கான இழப்பீடாக பி.பி. நிறுவனம் 880 கோடி டாலர் வரை தரும் உடன்பாட்டை 2016-இல் நீதிமன்றம் ஏற்றது. இழப்பீடு! மொழிபெயர்ப்பிலேயே காலம் கழிப்பவனாதலின் இச்சொல்லை எளிதில் கடக்க இயலவில்லை. இழந்ததற்கு ஈடு உண்டென்ற துணிபு அதனுள் இருக்கிறது. ஐந்நூறு ஆண்டு வளர்ந்ததற்கு ஈடு இன்னும் ஐந்நூறு ஆண்டுகளே. அவற்றை யார் தருவது?

விபத்து நேராவிடினும் துளையிடுகையில் வெளியேறும் பாறைத்தூளும் சேறும் கடலடி உயிர்களை மூடுகின்றன. வடகடலில் மேடைகளின் அடியில் அக்குவியல்கள் பல்லாண்டுகளாகக் கிடக்கின்றன. கிளறினால் உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் பரவும் என்றஞ்சி அப்படியே விடுவதும் உண்டு. அகற்றுவதும் தீங்கு, விடுவதும் தீங்கு.

இந்த இதழ் உங்கள் இல்லம் வந்து சேர்ந்ததும் எண்ணெய் எரித்து ஓடிய வண்டியில்தான்.