வழியனுப்பியவள் சம்மதித்தவளா?

முதுகலை வகுப்பில் புறநானூற்றின் 279ஆம் பாடலைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. வாகைத் திணை, மூதின்முல்லைத் துறை. முன்னொரு போரில் பிறந்த வீட்டு ஆண் யானையை வீழ்த்தி மடிந்தான். நேற்று ஆநிரைச் சண்டையில் கணவன் மடிந்தான். இன்று மறுபடி பறை கேட்கிறது. மிச்சம் இருப்பவன் ஒரே மகன். வெள்ளாடை உடுத்தி, பரட்டைக் குடுமிக்கு எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். ஒரு வீட்டின் கடைசி நாழிகை அது.

'வீரத்தாய்' என்று விளக்கிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன். ஒருநாள் ஒரு மாணவி கேட்டாள்: "அந்த அம்மா அனுப்பினாங்க, சரி. வேணாம்னு சொல்லியிருந்தா அவன் வீட்லயே இருந்திருக்க முடியுமா மேடம்?" மணி அடித்ததைச் சாக்காக வைத்து வெளியே வந்துவிட்டேன். அந்தக் கேள்வி என்னை 1999க்கு இழுத்துப்போனது.

கார்கில் போர் தொடங்கிய நேரம். பெரியம்மா மகளின் கணவர் விடுப்பில் வந்திருந்தார். வேலூர்ப் பக்கம், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் இருக்கும் ஊர். விடுப்பு ரத்து என்று தந்தி வந்தது. மறுநாள் விடிகாலை காட்பாடியில் ரயில். கல்லூரி விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தேன். அன்று இரவு அக்கா அடுப்படியில் பருப்புப் பொடிக்கு வறுத்துக்கொண்டிருந்தாள். மாமா வாசற்படியில் உட்கார்ந்து, வங்கிப் புத்தகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, யார் பேரில் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார், ஏதாவது என்றால் எந்த அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் 'ம்' கொட்டினாள். ரயிலடியில் சிரித்தபடிதான் நின்றாள். "ஒரு சொட்டுக் கண்ணீர் விடல பாரு, தைரியமான பொண்ணு" என்றது ஊர்.

அரசு சொன்ன கணக்கில் அந்தப் போரில் 527 பேர் திரும்பவில்லை. மாமா கார்த்திகை தீபத்துக்கு வந்துசேர்ந்தார். வெகுகாலம் கழித்து அக்கா என்னிடம் சொன்னாள்: "அன்னிக்குப் பொடி தீஞ்சுபோச்சு, மறுபடி வறுத்தேன். போகாதீங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா என்ன ஆகும்? அவரு நிக்க முடியுமா? அதையும் தூக்கிக்கிட்டுத்தான மலை ஏறணும்."

அவள் சொன்னது சட்டப்படியும் உண்மை. போர்ப் பணிக்கு அழைக்கப்பட்ட சிப்பாய் படையை விட்டு ஓடினால், 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டப்படி மரண தண்டனைவரை உண்டு. மறுக்க வழியில்லாத இடத்தில் சம்மதம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அக்காவின் மௌனம் ஒரு மனிதனின் சுமையைக் குறைக்க அவள் கொடுத்தது. ஊரும் நாடும் அதைப் போருக்குக் கிடைத்த ஒப்புதலாக வரவு வைத்துக்கொண்டன.

பேசியவளுக்கும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ஹோமரின் இலியட்டில் ஆண்ட்ரமாக்கி கணவன் ஹெக்டரிடம் போகாதே என்று கெஞ்சுகிறாள். மதில் எங்கே பலவீனமாக இருக்கிறது, படையை எங்கே நிறுத்த வேண்டும் என்றுகூடச் சொல்கிறாள். போர் ஆண்களின் காரியம், நீ தறிக்குப் போ என்று திருப்பி அனுப்புகிறான் அவன்.

மனதார அனுப்பும் பெண்களும் இருக்கிறார்கள். அந்தச் சம்பளம்தான் குடிசையை மாடிவீடாக்கியது என்பதும், நாட்டுக்காக என்ற பெருமிதமும் அவர்களுக்கு உண்மை. 'நீங்கள் ஏமாந்தவர்கள்' என்று நான் சொன்னால், அவர்களின் வாயைப் பொத்தும் இன்னொரு கையாவேன். ஒரு போர் நியாயமானதாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நியாயத்தை முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் வாதிட்டு நிறுவட்டும். வழியனுப்பியவளின் காய்ந்த கண்களைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது.

மாசாத்தியாரின் பாடல் ஏறக்குறைய ஒரு வசவோடு தொடங்குகிறது: இவள் நினைப்பு கெட்டுப்போகட்டும் என்கிற தொனி. இகழ்வதுபோலப் புகழ்தல் என்று எனக்குக் கற்பித்தார்கள். நானும் அப்படியே கற்பித்தேன். குறுந்தொகையிலும் அகநானூற்றிலும் போனவன் திரும்பி வருவதைப் பற்றிப் பாடியவர் அவர். அந்தப் பெண் கவிஞர் நிஜமாகவே பதறியிருக்கக் கூடாதா? இப்போதெல்லாம் இரண்டு பொருளையும் சொல்லித்தான் நடத்துகிறேன். பாட்டில் அந்த மகன் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அக்காவின் மகனுக்கு 1999இல் மூன்று வயது. பள்ளி முடித்ததும் அவனும் ஆள்சேர்ப்பு முகாமுக்குக் கிளம்பினான். அந்தமுறை அவள் வாயைத் திறந்தாள்: "எனக்கு இதுல இஷ்டம் இல்ல. உனக்கு இஷ்டம்னா போ. ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டுப் போ." அவன் போனான். அவளால் தடுக்க முடியவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், வேண்டாம் என்று சொன்னால் இன்னும் பொருள் இருக்கும் நேரத்தில், அதைச் சொல்லிவிட்டாள். எண்ணெய் தடவும் நாழிகை வரை காத்திருந்தால், அந்தச் சொல்லுக்குப் போக்கிடம் இல்லை.

என் மாணவிக்கு அன்று தராத பதில் இதுதான்: முடியாதும்மா. அதனால்தான் அந்தத் தாயைப் புகழ்வதற்கு முன், அவளிடம் யாராவது கேட்டார்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது.